டார்ச்சர் கண்டக்டர்

‘டார்ச்சர்’ என்ற சொல்லை எங்கள் கண்டக்டரைப் போல வேலை வாங்கியவர் உலகத்திலேயே கிடையாது. ஆங்கிலேயர்கள் அதைச் சித்திரவதைக்கு மட்டும்தான் வைத்திருந்தார்கள். இவர் பனி, பலாப்பழ வாசனை, சம்பந்தி வீட்டு விருந்து என எல்லாவற்றுக்கும் அதையே சொன்னார். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரிந்திருக்கும்.

நான் கொல்லிமலைப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தபோது, வெள்ளிக்கிழமைதோறும் அவர் பஸ்ஸில்தான் கீழே இறங்குவேன். வாந்தி எடுப்பவர்களுக்காகப் பையில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார். கொடுக்கும்போதே திட்டுவார்.

“கொண்டை ஊசி வளைவுன்னு தெரியுதுல்லங்க? அப்பறம் எதுக்குங்க புரோட்டாவ அமுக்கறீங்க? டார்ச்சருங்க உங்களோட.”

ஒருமுறை மிளகு மூட்டைக்கு டிக்கெட் கேட்டு ஒரு பெரியவரோடு பெரிய சண்டை. பெரியவர் டிக்கெட்டும் வாங்கி, இறங்கும்போது ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார். “சண்ட போட்டாக்கூடப் பரவால்லீங்க. இந்தப் பாசம் இருக்குது பாருங்க, அதுதானுங்க டார்ச்சரு” என்று எல்லோருக்கும் பழம் பிய்த்துக் கொடுத்தார்.

ஓர் ஐப்பசி மழையில் நிறைமாதப் பெண் ஒருத்தி மாமியாரோடு ஏறினாள். செக்கப்புக்குத்தான் கிளம்பியிருந்தாள். பாதி மலையில் வலி எடுத்துவிட்டது. மெதுவாகப் போனால் ஆஸ்பத்திரி போய்ச் சேர முடியாது. வேகமாகப் போனால் ஒவ்வொரு வளைவிலும் அவள் சீட்டிலிருந்து உருண்டு விழுவாள்.

“நிறுத்தாம போங்கண்ணா” என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, கண்டக்டர் அவள் சீட்டை ஒட்டி நின்று மேல்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். பஸ் திரும்பும்போதெல்லாம் அவள் அவர் மேல்தான் சாய்ந்தாள். வலி தாங்காமல் அவர் கையைக் கடித்தும் வைத்தாள். இப்போது அந்தச் சொல் வரும் என்று பஸ்ஸே காத்திருந்தது. வரவில்லை.

“ஒண்ணுமில்ல கண்ணு, லேசான நோவுதான். இதா, அடிவாரம் வந்துருச்சு” என்றார். அடிவாரம் கண்ணுக்கே தெரியவில்லை.

பஸ் நேராக அரசு ஆஸ்பத்திரி வாசலில் போய்த்தான் நின்றது. சேதி தெரியாமல் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. கடைசியில் மாமியார் வெளியே வந்து, “பொட்டப்புள்ள பொறந்திருக்குதுங்க, தாயும் புள்ளையும் சொகமா இருக்கறாங்க” என்றதும் கண்டக்டரைத் தேடினேன். பஸ்ஸுக்குப் பின்னால் நின்று தேம்பிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, நல்ல சேதிதானுங்களே?”

“அதுக்குத்தான் சார் அழுவாச்சி வருது. பெரிய டார்ச்சருங்க இது.”

என் கைக்குட்டையை நீட்டினேன். அதில் மூக்கைச் சிந்திவிட்டு, அப்படியே மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். வேறு யாராக இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.