ராணியின் மாடிப்படி

பொய் சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டவன் இல்லை நான். பெருமை அடித்துக் கல்யாணம் செய்துகொண்டவன். பொய் சொன்னால் என்றைக்காவது பிடிபட்டு, திட்டு வாங்கி, ஒருவழியாக முடிந்துபோகும். பெருமை அடித்தால் அப்படி முடியாது. அடித்ததை நிஜமாக்கிக் காட்ட வேண்டும்.

குடியாத்தத்தில் பெண் பார்க்கப் போயிருந்தோம். தொண்ணூறுகளின் கடைசி. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் தனியாகப் பேச மொட்டை மாடியில் ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய சலுகை. சுகுணா தலையைக் குனியவும் இல்லை, கோலம் போடவும் இல்லை. நேராகக் கேட்டாள்.

“கம்ப்யூட்டர்ல என்ன வேலை செய்யறீங்க?”

“சினிமாவுக்குள்ள போறதுக்கு வழி செய்யறோம்.”

“உள்ளன்னா?”

“உள்ளன்னா உள்ளதான். ஒரு ஹெல்மெட் இருக்கு. மாட்டினா நீங்க அரண்மனையில நிப்பீங்க. தலையத் திருப்பினா அரண்மனையும் திரும்பும். பக்கத்துல தூண் இருக்கும், எதிர்ல சிம்மாசனம் இருக்கும். நடந்து போய்ப் பாக்கலாம்.”

(இதெல்லாம் என் கைவண்ணம் என்கிற தோரணையில் சொன்னேன். அந்தத் தூண்களை வரைந்தது மட்டும்தான் நான். ஹெல்மெட் எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை யாரிடமும் சொன்னதும் இல்லை.)

அவள் கொஞ்சம் யோசித்தாள். “ராஜா ராணி படத்துல எல்லாம் ஒரு மாடிப்படி இருக்குமே. ராணி மேலருந்து எறங்கி வருவா. எல்லாரும் எழுந்து நிப்பாங்க. நான் சின்னதுலேருந்து பாக்கறேன், ஒரு படத்துலகூட அந்தப் படிக்கு மேல என்ன இருக்குன்னு காட்டினதே இல்ல. மேல என்னங்க இருக்கும்?”

எங்கள் அரண்மனையில் ஒன்பது படி இருந்தது. ஒன்பதாவது படிக்கு மேல் ஒன்றும் கிடையாது, வெறும் இருட்டு. ஏனென்றால் நானும் அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவன்தான்; எனக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றவே இல்லை.

“ரூம் இருக்கு,” என்றேன். “ராணியோட ரூம். கல்யாணம் முடியட்டும், கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்.”

கீழே இறங்கி வந்து அவள் சம்மதம் சொல்லிவிட்டாள். எனக்காகச் சொன்னாளா, அந்த ரூமுக்காகச் சொன்னாளா என்பதை இன்றுவரை நான் கேட்கவில்லை. பயம்தான்.

கல்யாணம் முடிந்து, கன்னட நாட்டில் நாங்கள் குடியிருந்த ஜோகுபாளையத்துக்கு வந்தாள். இரண்டே அறை வீடு. அம்மா, அப்பா, தங்கை, நான், இப்போது அவள். (உள்பக்கம் தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரே கதவு குளியலறைக் கதவு. அதையும் இரண்டு நிமிடத்துக்கு மேல் சாத்தி வைத்தால் யாராவது தட்டுவார்கள்.) நான் வேலை முடிந்ததும் ஆபீஸிலேயே உட்கார்ந்து, ஒன்பதாவது படிக்கு மேல் நிஜமாகவே ஒரு அறையைக் கட்ட ஆரம்பித்தேன். தினமும் வீட்டுக்குள் நுழைந்ததும் காபியோடு கேள்வி வரும், ஏதோ லேஅவுட்டில் மனை வாங்கி வீடு கட்டுகிற மாதிரி.

“சுவர் எழுப்பியாச்சா?”

“ஆச்சு.”

“ஜன்னல் வைங்க. கீழ தோட்டம் தெரியணும். ஊஞ்சல் ஒண்ணு. அப்புறம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வைங்க.”

“அரண்மனையில தாழ்ப்பாள் எதுக்கு? வாசல்ல காவலாளி இருப்பான்.”

“அந்தம்மா எறங்கி வந்தா அத்தனை பேரு எழுந்து நிக்கறாங்க. கொஞ்ச நேரம் தனியா இருக்க வேணாமா?”

அவள் ராணியைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் தாழ்ப்பாள் வைத்தேன். மக்குப் பிளாஸ்திரி என்று என்னைத் திட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

எங்கள் முதலாளி நாகராஜ் சார், மைசூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், கோபம் வந்தால் மட்டும் கெட்ட மனிதர். ஆயுத பூஜைக்கு எல்லோரும் குடும்பத்தோடு ஆபீஸுக்கு வரவேண்டும் என்றார். அன்று இன்னொரு விசேஷமும் இருந்தது. ஊருக்கு வெளியே பொழுதுபோக்குப் பூங்கா கட்டப்போகும் ஒரு பெரியவர், எங்கள் அரண்மனையைப் பார்த்துவிட்டு ஒப்பந்தம் போட வருகிறார். நல்ல நாளில் போட வேண்டும் என்று அவரே குறித்துக் கொடுத்த நாள். அவர் பார்த்து முடித்ததும் குடும்பத்தினர் ஒவ்வொருவராக ஹெல்மெட் மாட்டிக்கொள்ளலாம்.

சுகுணா கல்யாணப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

“ஆபீஸுக்கு எதுக்குடி இது?” என்றாள் அம்மா.

“அரண்மனைக்குப் போறப்ப நைலக்ஸ் புடவை கட்டிக்கிட்டா போவாங்க, அத்தை?”

பூ மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. ஹெல்மெட்டில் நசுங்கிவிடுமாம். இலையோடு பைக்குள் வைத்துக்கொண்டு, “எறங்கி வந்ததும் வச்சுக்கறேன்,” என்றாள். தெருவில் எதிர்ப்பட்ட நாலு பேரிடமும் சினிமாவுக்குள் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆபீஸில் அமர்க்களம். வாசலில் வாழைக்கன்று, கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் சாமந்திப் பூ, பொரிகடலை மூட்டை, சுற்றிப் போட்டு உடைக்க ஒரு பூசணிக்காய். நாகராஜ் சார் பொதுவாகக் குரல் கொடுத்தார். “மெஷினுக்கெல்லாம் யாராவது குங்குமம் வெச்சுடுங்கப்பா. ஒண்ணும் பாக்கி இருக்கக்கூடாது.”

நான் முன்னே போக, சுகுணா தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் வந்தாள். மானிட்டருக்குப் பொட்டு, பிரிண்டருக்குப் பொட்டு, ஸ்டேப்ளருக்குக்கூடப் பொட்டு. கடைசியில் ஹெல்மெட். அதன் முன்நெற்றியில் கறுப்பாக, சின்னதாக, வரிசையாக நான்கு வட்டங்கள் இருந்தன. நான் சந்தனத்தைக் குழைத்து விரலில் எடுத்தேன்.

“ஏங்க, இது கண்ணு மாதிரி இருக்கே. இதுமேலயா வைப்பாங்க?”

“கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல. அழகுக்கு வச்சிருக்கான்.”

“ஜோசப் அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

ஜோசப்தான் ஹெல்மெட்டைக் கவனித்துக்கொள்பவன். அன்று லீவு. இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். மூன்று மாதமாக, சினிமா உலகத்தையே நான்தான் படைத்தேன் என்கிற மாதிரி அவளிடம் பேசிவிட்டு, இப்போது இன்னொருத்தனிடம் போய்ச் சந்தேகம் கேட்பதா?

“உனக்கு என்ன தெரியும்? பேசாம தட்டைப் பிடி,” என்றேன். நான்கு வட்டத்துக்கும் நான்கு பொட்டு. கனமான சந்தனம், அதன்மேல் கனமான குங்குமம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

(அவை கண்கள்தான். கூரையில் பொருத்தியிருந்த குட்டி விளக்குகளை அந்தக் கண்களால் பார்த்துத்தான், தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஹெல்மெட் தெரிந்துகொள்கிறது. மறுநாள் ஜோசப் சொல்லித்தான் எனக்கே தெரியும்.)

பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அங்கவஸ்திரம். கற்பூரம் காட்டி, வாசலில் பூசணிக்காயை உடைத்தார்கள். உள்ளே திணித்திருந்த குங்குமமும் சில்லறையும் தரையெங்கும் சிதறின. ஹெல்மெட்டைப் பயபக்தியோடு பெரியவர் தலையில் இறக்கினோம். அவர் பார்ப்பதை நாங்களும் பார்க்கப் பக்கத்தில் ஒரு டிவி. என் தூண்கள் அதில் ஜொலித்தன.

பெரியவர் தலையை வலப்பக்கம் திருப்பினார். அரண்மனை இடப்பக்கம் ஓடியது. குனிந்தார். சிம்மாசனம் கூரைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் சும்மா நின்றாலும் அரண்மனை நிற்கவில்லை. ராட்டினம் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

“பீள்தினி! பீள்தினி!” என்று அலறினார். (கன்னடத்தில் ‘விழுகிறேன், விழுகிறேன்’.) சொன்னதோடு நிற்காமல் கையை நீட்டிக்கொண்டு வாசலை நோக்கி ஓடினார். பின்னால் நீண்டிருந்த தடித்த கேபிள், ஒரு மானிட்டரையும் பொரிகடலை மூட்டையையும் இழுத்துக்கொண்டு கூடவே வந்தது. வாசலில் கிடந்த பூசணிச் சதையில் கால் வைத்து, வழுக்கி, குங்குமக் குழம்பில் சப்பென்று உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி முழுக்கச் சிவப்பு. ரத்தம் என்று நினைத்து ஒரு அம்மாள் வீறிட்டார்.

அடி ஒன்றும் படவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றியதும் பெரியவர் தன் வேட்டியைப் பார்த்தார். உடைந்த பூசணிக்காயைப் பார்த்தார். “திருஷ்டி கழிச்ச காய் மேல, ஒப்பந்தம் போடற நாள்ல உக்காந்துட்டேனே!” என்றார். மெஷின் கெட்டதற்குக்கூட மன்னித்திருப்பார். சகுனத்துக்கு மன்னிப்பு ஏது? ஒப்பந்தம் போடாமலேயே காரில் ஏறிப் போய்விட்டார்.

நாகராஜ் சார் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துத் திருப்பினார். நான்கு பொட்டுகளைப் பார்த்தார். அவருடைய குரல் மெதுவாக வந்தது. அதுதான் பயங்கரம்.

“யாரப்பா இல்லி, இங்க, குங்குமம் வெச்சது? அவன் நாளையிலிருந்து வேலைக்கு வரவேணாம்.”

என் வலது கை மோதிர விரல் செக்கச்செவேல் என்று இருந்தது. அந்தக் கையைப் பேன்ட் பைக்குள் விட்டேன். பக்கத்தில் தட்டோடு நின்றவளைக் காட்டி என் வாய் சொன்னது:

“என் வைஃப் சார். ஊர்லேருந்து வந்தவ. அவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

சுகுணா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ‘ஓ, இவ்வளவுதானா’ என்கிற மாதிரி பார்த்தாள். பிறகு தட்டை மேஜைமேல் வைத்தாள்.

“தெரியாம வச்சுட்டேன் சார். மன்னிச்சுருங்க.”

நாகராஜ் சாரின் கோபம் இறங்கிவிட்டது. பக்தியோடு வைத்த பெண்பிள்ளையை என்ன செய்ய முடியும்? “போகட்டும் பிடும்மா,” என்றார். (அவர் பாஷையில் ‘விடும்மா’.) என் வேலை தப்பியது. அன்றைக்கு யாரும் ஹெல்மெட் மாட்டிக்கொள்ளவில்லை.

பஸ்ஸில் அவள் பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அல்சூர் ஏரி வந்தபோது அவளே கேட்டாள்.

“தாழ்ப்பாள் வச்சீங்களா?”

“வச்சேன்.”

“சரி.”

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் துணி துவைத்தபோது பேன்ட் பையை வெளியே இழுத்து, சோப்புப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாள். “என்னடி அது சிவப்பா?” என்று அம்மா கேட்டதற்கு, “ஆபீஸ் இங்க் அத்தை,” என்றாள்.

இதில் வயிறு எரிகிற விஷயம் ஒன்று உண்டு. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஜோசப் பத்தே நிமிடத்தில் ஹெல்மெட்டைச் சரிசெய்துவிட்டான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அது ஆபீஸில் சும்மாதான் கிடந்தது. எந்தச் சாயங்காலம் வேண்டுமானாலும் அவளைக் கூட்டிப்போய் அந்த ஒன்பது படியை ஏற வைத்திருக்கலாம். கூட்டிப்போனால் நாகராஜ் சார் குங்குமப் பேச்சை எடுப்பார், ஜோசப் குடைந்து குடைந்து கேட்பான், உண்மை வெளியே வரும். இன்றைக்கு வேண்டாம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். பிறகு பூங்காவும் இல்லை, அரண்மனையும் இல்லை என்றாகி, ஹெல்மெட்டை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்குத் தேதி குழம்பிவிடும் என்று ஊரே பயந்த நேரம்; நாங்கள் எல்லோரும் பேங்க் கம்ப்யூட்டர்களில் தேதி திருத்தும் வேலைக்கு மாறினோம். அந்த அறையை என்னைத் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை. அவள் கேட்ட மாதிரியே ஜன்னலிலிருந்து தோட்டம் தெரியும். நினைத்தால் இப்போதும் எனக்கு அழுகை வருகிறது.

ஆனால் கதை மட்டும் நிலைத்துவிட்டது. சுகுணாவே எல்லா விசேஷத்திலும் சொல்வாள். பெரியவர் ‘பீள்தினி’ என்று ஓடியதை அவளைப்போல் நடித்துக்காட்ட ஆள் கிடையாது. ஆரம்பம் மட்டும் எப்போதும் ஒன்றுதான்: “நான் ஒரு பட்டிக்காடு, போய் அது கண்ணுல குங்குமத்தை அப்பிட்டேன்...” சொந்தக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். எங்கள் பெண் குழந்தைகூட, “அம்மா மக்கு!” என்று சிரிப்பாள். நானும் சிரித்துவைப்பேன். ஏழெட்டு வருடம் இப்படியே ஓடிவிட்டது.

போன மாதம் பையனுக்குக் காதுகுத்து. அல்சூரில் சின்ன மண்டபம். பந்தியில் சுகுணா பரிமாறிக்கொண்டே கதையைச் சொல்லி முடித்தாள். என் மகள் பக்கத்து இலையில் உட்கார்ந்து, “அம்மா மக்கு!” என்றாள். என்னவோ அன்றைக்கு என்னால் முடியவில்லை. சாப்பாட்டுக் கையோடு எழுந்து நின்றேன்.

“குங்குமம் வச்சது அவ இல்ல. நான்தான். அவ வேணாம்னுதான் சொன்னா. வேலை போயிடும்னு பயந்து, அவ மேல பழியப் போட்டேன்.”

என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாத்தீங்களா! பொண்டாட்டிய நாலு பேர் சிரிக்கறது பொறுக்காம, பழிய எடுத்துத் தன் தலையில போட்டுக்கறான். என் புள்ளைக்கு அவ்ளோ தங்கமான மனசு!”

பந்தி முழுக்கக் கைதட்டியது. “இல்லம்மா, நிஜமாவே...” என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். குடியாத்தத்திலிருந்து வந்திருந்த சுகுணாவின் சித்தி, “இப்படி ஒரு புருஷன் கிடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும்டி,” என்றார்.

“ஆமா சித்தி,” என்றாள் சுகுணா. என் இலையில் இன்னொரு வடை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.