அக்கா, நீ இப்போது வர வேண்டாம்

என் மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நாங்கள் நால்வரும் நலம். மற்றவர்கள் கடிதத்தில் எழுதும் நலம் போல இது வெறும் வாய்வார்த்தை இல்லை. இன்று காலையில் மட்டும் எனக்கு இரண்டு முறை நாடி பார்த்து, கண்ணில் டார்ச் அடித்து, முழங்காலில் தட்டி உறுதி செய்யப்பட்ட நலம். உன் நலமும் அத்தானின் நலமும் அறிய ஆவல்தான். ஆனால் அதை நேரில் வந்து சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். மூன்று முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் "அக்கா, நீ" என்பது வரைக்கும்தான் வந்தேன். மிச்சத்தையும் நீயே பேசி, "சரி, பத்தாந்தேதி வந்துடறோம், ரெண்டு வாரம் இருந்து பிள்ளைக்கு ஒத்தாசை பண்றேன்" என்று வைத்துவிட்டாய். காகிதத்தில் எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

என் மகள், அதாவது உன் மருமகளுக்கு இன்னும் இருபத்து மூன்று நாளில் அவசர சிகிச்சை நிபுணர் தேர்வு. இது மூன்றாவது தடவை, இதற்கு மேல் எழுத விடமாட்டார்கள். ஒன்பது வருடமாக அந்த அவசரப் பிரிவில் ஆம்புலன்ஸ் கதவு திறக்கும் முன்பே ஓடிப்போய் நிற்பவள் அவள்தான். ஆனாலும் அந்தப் பட்டம் இல்லாத குற்றத்துக்காக, நேற்று வந்த நிபுணரின் கையெழுத்துக்குக் காத்து நிற்கிறாள். எழுத்துத் தேர்வை எப்போதோ ஊதித் தள்ளிவிட்டாள். வம்பெல்லாம் செய்முறையில்தான். பதினாறு அறைகள், ஒவ்வொரு கதவிலும் ஒரு தாள். ஒரு நிமிடம் வெளியே நின்று தாளைப் படிக்க வேண்டும். மணி அடித்ததும் உள்ளே போய், நோயாளி போல நடிப்பவரை ஏழு நிமிடத்தில் கவனிக்க வேண்டும். மூலையில் ஒரு தேர்வாளர் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். பதினைந்து அறையில் இவள் பிரமாதம். ஒரே ஓர் அறையில்தான் இரண்டு முறையும் சறுக்கினாள். அந்த அறையில் நோயாளி கிடையாது. இறந்துபோனவரின் சொந்தக்காரர் இருப்பார், அவரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதில் தோற்றால் மற்ற பதினைந்தும் விழலுக்கு இறைத்த நீர். முதல் தடவை இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு, பாக்கி ஐந்து நிமிடமும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் தடவை அந்த நடிகை அழ ஆரம்பித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள். "பழக்கதோஷம்பா. அங்க அதுக்குள்ள அடுத்த ஆம்புலன்ஸ் வந்துரும்" என்றாள்.

"இந்தத் தடவை விடறதா இல்லப்பா" என்றும் சொன்னாள். நானும் விடுவதாக இல்லை. முப்பத்தொரு வருடம் டிரைவிங் லைசென்ஸ் பரிசோதகராக இருந்து ஊரையே ஃபெயிலாக்கியவன் வீட்டில் ஒரு பரீட்சைக்குத் தயாரிப்பு நடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? பரணில் கிடந்த விசில், ஸ்டாப்வாட்ச், கிளிப் வைத்த அட்டை மூன்றையும் கீழே இறக்கினேன். அன்றிலிருந்து வீட்டில் எல்லாக் கதவிலும் தாள்தான். ஃப்ரிட்ஜ் கதவில் 'குளிரில் விறைத்த நிலையில் கொண்டுவரப்பட்டவர்' என்று இருக்கிறது. வாசல் கதவில் 'உள்ளே இருப்பவர் கையில் கத்தி இருக்கலாம், முதலில் உங்கள் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒட்டியிருந்தோம். அதைப் படித்த கூரியர்காரர் பார்சலைப் படியிலேயே போட்டுவிட்டு இரண்டு மாடியை ஒரே மூச்சில் இறங்கினார். அந்தப் பார்சலைக் கீழ்வீட்டுக்காரர் கொண்டுவந்தார். அவரும் தாளைப் படித்துவிட்டு, ஒரு கம்பால் தள்ளித்தான் கொடுத்தார்.

மாப்பிள்ளைதான் நிரந்தர நோயாளி. மூக்குக் கண்ணாடிக் கடையைப் பதினொரு மணிக்குத் திறப்பதற்குள் அவருக்கு நான்கு நோய் வந்து போய்விடும். ஆனால் மனிதருக்குக் கூச்சம் ஜாஸ்தி. வயிற்றில் கை வைத்தால் கெக்கெக்கே என்று சிரிக்கிறார். குடல்வால் வெடிக்கப் போகிறவர் அப்படிச் சிரிப்பாரா? போதாததற்கு, மனைவி மேல் உள்ள பாசத்தில் விடையையும் அவரே எடுத்துக் கொடுத்துவிடுகிறார். "எங்க வலிக்குது?" என்று கேட்டால், "வலது பக்கம் கீழ, டாக்டர். ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாமே?" என்கிறார்.

அந்தப் பதினாறாவது அறைக்கு வருகிறேன். முதல் நாள் நான் சொந்தக்காரன். என் மனைவி, "பொணம் இருந்தாதான் ஒரு உணர்ச்சி வரும்" என்று தானாகவே சோபாவில் படுத்துப் போர்த்திக்கொண்டாள். உன் மருமகள் கை கழுவி, பெயர் சொல்லி, எதிரே உட்கார்ந்து, "முடிஞ்ச எல்லாத்தையும் செஞ்சு பாத்தோம். உங்க மனைவி இறந்துட்டாங்க" என்றாள்.

"சரிங்க டாக்டர். எங்க கையெழுத்துப் போடணும்?" என்றேன்.

போர்வை பறந்தது. "முப்பத்தொன்பது வருஷம் ஆக்கிப் போட்டவ செத்துக் கெடக்கேன், கையெழுத்தா கேக்குறீங்க?"

"அம்மா, நீ செத்துட்ட. பேசாத."

"செத்தாதான் இந்த மனுஷனோட லட்சணம் தெரியுது!"

இரண்டு நாள் என்னோடு பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் நான் செத்தேன், அவள் சொந்தக்காரி. விஷயத்தைக் கேட்டதும் அவள் மகளின் கன்னத்தைத் தடவி, "அவரு கெடக்கட்டும். முகமே வாடிக் கெடக்கே, நீ சாப்பிட்டியாம்மா?" என்றாள். மாப்பிள்ளை தன் தகப்பனார் இறந்த செய்தியை ஏழு நிமிடமும் தலையாட்டிக் கேட்டு, கடைசியில் எழுந்து கைகொடுத்து வாழ்த்துச் சொன்னார். உன் மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்ல, இன்னொரு தடவை" என்றாள். பதினேழு தடவை ஆகிவிட்டது. உண்மையைச் சொன்னால், ஃபெயிலானவன் முகத்தைப் பார்த்து நான் ஒரு நாளும் ஃபெயில் என்று சொன்னதில்லை. சீட்டைக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விடுவேன். இவள் எங்கிருந்து கற்றுக்கொள்வாள்?

ஆகவே நீ வரக்கூடாது. கோபித்துக்கொள்ளாதே. நீ இருக்கும் இடத்தில் யாரும் ஒரு வாக்கியத்தை முழுதாக முடித்ததில்லை. அத்தானுக்கே கல்யாணத்தன்று ஆரம்பித்த வாக்கியம் ஒன்று இன்னும் பாக்கி. போன தடவை டிவியில் யார் வீடோ இடிந்தது என்று நீ அழுத அழுகையில் கீழ்வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு மேலே ஏறி வந்தார்கள். டாக்டர் என்று யாரைக் கண்டாலும் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேள்வி கேட்பாய். பிள்ளைக்கு இப்போது வேண்டியது அமைதி. தேர்வு முடிந்ததும் நானே வந்து உங்கள் இருவரையும் அழைத்து வருகிறேன்.

அத்தானுக்கு என் நமஸ்காரம். உன் ஆசீர்வாதத்தை அங்கிருந்தே அனுப்பி வைக்கவும். அது எவ்வளவு சத்தமாக இருந்தாலும் சரி.

அன்புள்ள தம்பி.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. தபாலில் போட மறந்துவிடக் கூடாதென்று இந்தக் கடிதத்தை வாசல் கதவில் கிளிப் போட்டு மாட்டியிருந்தேன். டியூட்டி முடிந்து வந்தவள் அதைப் புதிய தாள் என்று நினைத்து, ஒரு நிமிடம் நின்று படித்து, உள்ளே வந்து கை கழுவினாள்.

"அப்பா, அத்தைய உடனே வரச் சொல்லுங்க."

"உன்னை ஒரு வார்த்தை பேச விடமாட்டாளே!"

"அதுதான் வேணும். நான் பாஸாகணும்னு நீங்க எல்லாரும் எல்லாத்துக்கும் தலையாட்டுறீங்க. யாரும் எதுவும் கேக்க மாட்டேங்குறீங்க." பிறகு மெதுவாகக் கேட்டாள். "தாத்தா செத்த அன்னிக்கு ஆஸ்பத்திரியில நானும் இருந்தேனே, ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு அப்போது எட்டு வயது. மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். அந்த டாக்டர் நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனதும், "ஐயா, ஒரு நிமிஷம்" என்று நீ அவர் பின்னாலேயே இரண்டு மாடி இறங்கி ஓடியதும், அவர் திரும்பிப் பார்க்காததும் அவளுக்கு நினைவிருக்கிறது. நான் எங்கே கையெழுத்துப் போடுவது என்று ஒவ்வொரு ஜன்னலாகக் கேட்டுக்கொண்டிருந்ததும் நினைவிருக்கிறது.

"அன்னிக்கு அத்தை என்ன கேக்க ஓடினாங்கன்னு எனக்குத் தெரியணும்பா. அவங்க வந்து கேக்கட்டும். நான் நிக்கிறேன்."

பத்தாம் தேதி வரை காத்திருக்காதே, நாளைக்கே கிளம்பு. வாசலில் இருக்கும் தாளை ஒரு நிமிடம் படித்துவிட்டு உள்ளே வா, உனக்கு எதிரே ஒரு நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பாள். விசில் என் கையில்தான் இருக்கும். நீ கேட்டு முடிக்கிறவரை ஊத மாட்டேன்.