பதினெட்டாவது வாரத்து மழை

நாளைக்கு என்ன நடக்கும் என்பதில் கடவுளுக்கே சில சமயம் குழப்பம் வரலாம். பதினெட்டு வாரம் சாருக்கு வந்ததில்லை.

அறுபதுகளின் நடுவில் பம்பாய் தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் எனக்குத் தற்காலிக டீச்சர் வேலை கிடைத்தது. ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை எல்லாப் பாடங்களுக்கும் முதல் பருவத் திட்டம் போடுவது அங்கே மூத்த ஆசிரியராக இருந்த அவர் பொறுப்பு. ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் பாதி வரை பதினெட்டு வாரம். அதை அவர் உச்சரிக்கும் பக்தியைப் பார்த்து யாரோ வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அசல் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை.

அவர் திட்டம் ஒரு பாய் அகலத்துக்கு பிரவுன் பேப்பரில் இருக்கும். வாரத்துக்கு ஒரு பொருள். எல்லாப் பாடமும் அதைச் சுற்றித்தான் வரவேண்டும். முதல் வாரம் தண்ணீர்க் குழாய். கணக்குக்கு வரிசையில் நிற்கும் குடங்கள், தமிழுக்குக் குழாயடியில் பேசக்கூடிய சொற்கள், நீதிபோதனைக்குப் பேசக்கூடாத சொற்கள். இரண்டாவது வாரம் இட்லி. பின்னம் கற்பிக்க நான்காக வெட்டவேண்டும். மாவு ஏன் பொங்குகிறது என்பது அறிவியல். வரலாறு என்ற கட்டத்தில் மட்டும் 'விசாரிக்கவும்' என்று எழுதியிருந்தார்.

திட்டத்துக்கு அவரும் விலக்கில்லை. நான் சேருவதற்கு முந்தின வருஷம் ஆறாவது வாரத்தில் அவருக்குக் கடைவாய்ப் பல்வலி வந்துவிட்டதாம். 'பற்கள்' ஒன்பதாவது வாரம். மூன்று வாரம் கன்னம் வீங்கி, கிராம்பைக் கடித்துக்கொண்டே பாடம் நடத்தியிருக்கிறார். ஒன்பதாவது வாரம் திங்கட்கிழமை பல்லைப் பிடுங்கி, காகிதத்தில் மடித்து எடுத்துவந்து, நான்கு வகுப்பிலும் கைமாற்றிக் காட்டினாராம். கணக்கு: முப்பத்திரண்டில் ஒன்று போக மீதி எவ்வளவு.

எங்களுக்குப் பாடப் புத்தகம் மதராஸிலிருந்து வரும். அதில் வெயில் முதலில், மழை கடைசியில். 'ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். சாரும் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஆகவே மழை பதினெட்டாவது வாரத்திலும், வெயில் ஆறாவது வாரத்திலும் உட்கார்ந்தன. ஆறாவது வாரம் என்பது பம்பாயில் ஜூலை கடைசி. இருபது வருஷமாக பம்பாயில் குடை பிடித்துக்கொண்டு நடந்தவர்தான். ஆனால் இங்கே பெய்வதை அவர் மழையாக ஏற்றுக்கொள்ளவில்லை. "இது கடக்கரை ஈரம் டீச்சர். மழைன்னா ஐப்பசியில பெய்யணும்" என்பார்.

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். ஜூலையில் சயான் தண்டவாளம் முங்குவதைப் பார்த்தே பெரியவளானவள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை நிரந்தரமாகும்வரை வாயைத் திறப்பதில்லை என்று விரதம். வீட்டில் அப்பா ஒரு கெடு வைத்திருந்தார். இன்ஸ்பெக்‌ஷனில் வேலை நிரந்தரமானால் தொடரலாம், இல்லையென்றால் காட்கோபர் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டவேண்டும். மாப்பிள்ளை நல்லவர்தான். பெண் பார்க்க வந்த அன்று ஒரு மணி நேரமும் தன் அஜீரணத்தைப் பற்றியே பேசினார். நான் பிரவுன் பேப்பரை அப்படியே என் நோட்டில் பிரதி எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

இன்ஸ்பெக்டர் ஆறாவது வாரம்தான் வந்தார். அன்று என் மூன்றாம் வகுப்பில் கணுக்கால் அளவு தண்ணீர். பிள்ளைகள் பெஞ்சின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, திட்டப்படி கைவேலை செய்துகொண்டிருந்தார்கள். காகித விசிறி. பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்ற இன்ஸ்பெக்டரை முப்பது பிள்ளைகளும் மரியாதையாக விசிறினார்கள்.

அவர் முன்பெஞ்சுப் பெண் ஒருத்தியைக் கேட்டார், இப்போது என்ன காலம் என்று.

"வெயில் காலம் சார்."

அவர் தரையைக் காட்டினார். "அப்போ இது என்ன?"

"மழை சார். பதினெட்டாவது வாரம் வரும். இன்னும் நடத்தல."

இன்ஸ்பெக்டர் என் நோட்டை வாங்கிப் புரட்டினார். கையெழுத்து உங்களுடையதுதானா, வகுப்பில் ஜன்னல் இல்லையா என்று நிதானமாகக் கேட்டார். காட்கோபரில் பூண்டு ரசம் வைத்துக்கொண்டிருக்கும் என் எதிர்காலம் கண்ணில் தெரிந்தது.

வகுப்புகளுக்கு நடுவே சுவராக நின்ற தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சார் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி தண்ணீரில் நடந்து வந்தார்.

"டீச்சர் மேல தப்பில்ல சார். மழைய முன்னால போடணும்னு ஜூன்லயே சொன்னாங்க. நாந்தான் கேக்கல."

சொன்னதோடு விடவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அதை அப்படியே மையில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். எனக்கு வேலை நிரந்தரமானது. அவருக்கு அந்த வருஷம் வரவேண்டிய தலைமையாசிரியர் பதவி வேறொருவருக்குப் போனது. காட்கோபர்க்காரர் முலுண்டில் பெண் எடுத்தார்.

சாயங்காலம் தாதர் பக்கம் போகிற பஸ்ஸுக்காக ஒரே குடையின் கீழ் நின்றோம். நான் ஜூனில் எதுவும் சொல்லவில்லையே, ஏன் சார் பொய் எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"அடுத்த வருஷம் சொல்லுவீங்கல்லா? அதத்தான் முன்கூட்டியே எழுதி வச்சேன். திட்டம்னா பின்ன என்ன டீச்சர்?"

அந்த மனிதரை அன்றிலிருந்து எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஜன்னலுக்கு வெளியே என்ன பெய்தாலும் அவர் போட்ட கட்டத்துக்குள் பாதுகாப்பாக இருக்கலாம் என்று தோன்றியது.

அடுத்த ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் வேலையாக அவரிடம் போய், "சார், மழையை முன்னால போடணும்" என்று சொன்னேன். அதை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்பவர்போல, "அப்படியா டீச்சர்?" என்று நகர்ந்து உட்கார்ந்து, எனக்கு இடம் விட்டார்.