பத்து நிமிஷம் சோறு தொடாத மாப்பிள்ளை

அரைகுறை வைத்தியம் தெரிந்தவனுக்குக் கல்யாண வயதும் வந்துவிட்டால் ஊருக்கே ஆபத்து. அப்படிப்பட்ட ஆபத்தாகத்தான் நான் பழவேற்காட்டிலிருந்து சுண்ணாம்புக்குளத்துக்குப் பெண் பார்க்கப் போனேன்.

அதற்கு முந்தைய வாரம்தான் டாக்டர் எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாகச் சொல்லியிருந்தார். "காய், கீரைய முதல்ல சாப்பிடுப்பா. பத்து நிமிஷம் கழிச்சு சோறு. நார்ச்சத்து முன்னாடி போனா சோத்து சர்க்கரை ரத்தத்துல மெதுவா ஏறும்." நான் அதை வேதமாக்கிக்கொண்டேன். (இறால் உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடமும் பிரசங்கம் செய்து, இறால் தலையால் அடி வாங்கினேன்.)

"அங்க போய் சுகருன்னு வாயத் தொறந்த, தொலைச்சுருவேன்" என்று அப்பா பஸ்ஸிலேயே மிரட்டினார். நான் வாயைத் திறப்பதாக இல்லை. போட்டோவில் பார்த்தபோதே அந்தப் பெண் ரேவதியை எனக்கு அநியாயத்துக்குப் பிடித்துப்போயிருந்தது.

பேச்சு நல்லபடியாக முடிந்தது. இனி எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டுச் சோற்றில் நான் கை வைத்தால் சம்மதம். தொடாமல் எழுந்தால் வேண்டாமென்று அர்த்தம். எனக்கும் இரண்டு அப்பாக்களுக்கும் இலை போட்டுச் சோற்றைக் குவித்தார்கள். நான் அதை ஓரங்கட்டிவிட்டு பீன்ஸ், கோஸ், முருங்கைக்கீரை என்று இறங்கினேன். பொரியலை மூன்று தடவை கேட்டு வாங்கினேன். நண்டுத் தொக்கையும் விடவில்லை. பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன்.

நாலாவது நிமிஷம் எல்லோரும் என் இலையையே பார்த்தார்கள். அப்பா என் தொடையைக் கிள்ளினார்.

"இன்னா மாப்ள, எங்க வூட்டு சோத்த தொட மாட்டியா?" என்றார் பெண்ணின் அப்பா.

"தொடுவேன் மாமா. இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு."

"அது... அவனுக்கு ஒரு வேண்டுதல்" என்று அப்பா உளறினார்.

"நண்டத் துன்னுக்கினு இன்னாய்யா வேண்டுதல்?"

உண்மையைச் சொன்னால் நான் சர்க்கரைக்காரன். சொல்லாவிட்டால் பெண்ணை வேண்டாமென்றவன். (ஒரு வாய் சோற்றை அள்ளிப் போட்டிருந்தால் முடிந்தது. மூளை வேலை செய்தால்தானே!) அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "வேணாம்னா நேரா சொல்லணும். எழுந்துருங்க."

அப்போது உள்ளேயிருந்து ரேவதியே வந்து நின்றாள்.

"உங்களுக்கு சுகரா?"

எச்சில் கையோடு தலையாட்டினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்க நைனாவுக்கும் சுகருதான். டாக்டர் இதையேதான் சொல்றாரு, இவரு காயத் தொட்டதே இல்ல. உங்ககிட்ட சொல்லக்கூடாதுனு எங்க வாயயும் கட்டி வெச்சிருந்தாரு."

அவள் அப்பா அப்படியே இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"பொண்ணு பாக்க வந்த எடத்துலயே டைம் பாத்து துன்றாருன்னா, சொன்ன பேச்ச கேக்கற ஆளும்மா. நான் இவரயே கட்டிக்கறேன்" என்றாள் அவள் அம்மாவிடம்.

மாமியார் உடனே மாமனாரின் இலையிலிருந்த சோற்றை வழித்தெடுத்துவிட்டு, மிச்சமிருந்த கோஸை அதில் கொட்டினார். எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக மாமனாருக்கு அதே நடைமுறைதான்: முதலில் காய், பத்து நிமிஷம் கழித்து ஆறிப்போன சோறு. எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் என்னைக் காட்டி அவர் புலம்புவார்:

"ஊர்ல எல்லாரும் பொண்ண குடுத்துட்டு அழுவாங்க. நான் சுடுசோத்தையும் சேத்து குடுத்துட்டு அழுவறேன்யா!"