மெஷினுக்கு டிக்கெட்

சலவை மெஷின் மேல் இருந்த தகர டப்பாவைக் கட்டிலில் கவிழ்த்து எண்ணி முடித்த கண்டக்டரம்மா, கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாதி வண்டி ஓசியில போயிருக்கு," என்றார்.

தையல்காரரான அந்தக் கணவர் கட்டிலில் கிடந்த காசைப் பார்த்தார். அந்த வீட்டுச் சட்டம் அப்படி. பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே பழகிய அம்மாள், வீட்டுச் சாமான்களுக்கும் கட்டணம் வைத்திருந்தார். ஒரு தடவை துணி துவைத்தால் டப்பாவில் ஒரு காசு விழவேண்டும். பழைய மெஷின் மண்டையைப் போடும் நாளில், அந்த டப்பாதான் புது மெஷினுக்குப் பணம் தரும். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் போன வருடம் அடுப்பு கைவிட்டபோது, யாரிடமும் கடன் கேட்டுப் பல்லிளிக்காமல் அன்று சாயங்காலமே புது அடுப்பு வந்து இறங்கியது. இரண்டு சின்னச் சம்பளத்தில் இப்படி ஒரு ராஜ்யம் நடத்துகிற பெண் தனக்கு வாய்த்தாளே என்று தையல்காரருக்கு இன்றுவரை பெருமை தாங்காது.

காசு போடுகிற வேலை அவருடைய அப்பாவுடையது. பேங்க் வாசலில் காவல் நின்று ஓய்வு பெற்றவர். சும்மா உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு அது. தையல்காரர் துணியை மெஷினில் திணித்து, காசை அப்பா கையில் கொடுத்துவிட்டுக் கடைக்கு ஓடுவார்.

அப்படியானால் அப்பாதான் கை வைக்கிறாரா? டாக்டர் விடச் சொன்ன சிகரெட்டை அவர் இன்னும் விடவில்லையோ? மருமகள் முன்னால் அந்த மனிதர் தலைகுனிந்து நிற்பதைத் தையல்காரரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"நான்தான் எடுத்தேன். நூல் வாங்கக் காசு பத்தல," என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

கண்டக்டரம்மா காசை டப்பாவில் அள்ளிப் போட்டு, மெஷின் மேலேயே திரும்ப வைத்தார். திட்டித் தீர்த்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து தையல்காரர் அப்பாவிடம் இரண்டு காசாகக் கொடுத்தார். ஒன்று அவர் செலவுக்குப் போனாலும் இன்னொன்றாவது டப்பாவுக்கு வரட்டும் என்ற கணக்கு. அதற்காகத் தன் சாயங்கால டீயை நிறுத்தினார். டப்பா அப்படியேதான் இருந்தது. மெஷினுக்குத்தான் இருமல் கண்டது. சரி, அப்பாவுக்குச் செலவு கூடுதல் போல என்று மூன்றாக்கினார். காலை டீயும் போயிற்று. இப்போது மெஷின் ஓடினால் பக்கத்து வீட்டுச் சுவரே அதிர்ந்தது.

கடைசியில் ஒரு நாள், கண்டக்டரம்மா லீவில் வீட்டில் இருக்கும்போது, வயிறு நிறையத் தண்ணீரோடு மெஷின் நின்றேவிட்டது. ஆள் வருவதற்குள் அவர் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே பழைய பாதிக் காசுதான் உருண்டது.

"பரவாயில்ல விடுங்க. ரெண்டு மாசம் டபுள் டூட்டி பாத்தா புதுசு வாங்கிரலாம்," என்றார், சாதாரணமாக.

ஏற்கெனவே கால் வீங்கி வீட்டுக்கு வருகிறவர். உண்மையைச் சொன்னால் அப்பா மானம் போகும். சொல்லாவிட்டால் இவள் கால் போகும். தையல்காரர் வாசல் கதவைத் திறக்கப் போனார்.

வந்த மெக்கானிக் தரையில் குப்புறப் படுத்து, அடியில் இருந்த மூடியைத் திருகினார். தண்ணீர் கொட்டியது. தண்ணீர் நின்றும் கொட்டுவது நிற்கவில்லை. காசு. கலகலவென்று, ஈரக் காசு.

"மெஷினுக்கு ஒண்ணுமில்லைங்க. யாரோ சோப்புத்தூள் போடற வழியா காசைப் போட்டிருக்காங்க," என்றார் மெக்கானிக்.

கண்டக்டரம்மா அங்கேயே உட்கார்ந்து எண்ணினார். ஒன்றுகூடக் குறையவில்லை. கணக்குக்கு மேலேயே இருந்தது. அந்த மேல் காசு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, இளைத்துப்போயிருந்த கணவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்காக இன்னும் பத்து டீயைத் தையல்காரர் விட்டுக்கொடுத்திருப்பார்.

"என்னப்பா இது?" என்று தையல்காரர் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்.

பெரியவர் பேங்க் வாசலில் நின்ற அதே விறைப்போடு சொன்னார்:

"டப்பாவுல போட்டா நீ எடுத்துருவேன்னுதான்டா, உன் கைக்கு எட்டாத இடமாப் பாத்துப் போட்டு வெச்சேன்."