செக்ரட்டரி லைனில் இல்லை

பதினோரு மணிக்கு ஹவுசிங் சொசைட்டி மீட்டிங். பத்தேகாலுக்கு வேங்கடசுப்ரமணியனின் லேப்டாப்பில் வைஃபை வழக்கம்போல் செத்துக் கிடந்தது.

மும்பை செம்பூரில் அந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கு ஒன்பது வருஷமாக அவர்தான் செக்ரட்டரி. இன்று புதுத் தேர்தல். ஆன்லைனில் வைக்கலாம் என்று மூன்றாம் மாடி மாதவ் சொன்னபோது முதலில் கை தூக்கியவரும் அவர்தான். ‘நான் லினக்ஸ் லேப்டாப்பில் வருவேன். போனில் வருகிறவன் கழுதை’ என்று சொசைட்டி வாட்ஸ்ஆப் குரூப்பில் எழுதியும் விட்டார்.

வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளை மறுபடி ஏற்ற, அதன் இன்ஸ்டாலரை ஓட்டினார். பழைய டிரைவரை அழித்துவிட்டு, ‘கர்னல் மாட்யூல் காணவில்லை, நெட்டிலிருந்து இறக்கவும்’ என்றது.

“நெட் வரத்துக்குத்தானேடா உன்னை ஓட்டறேன், முண்டம்!”

“யாரைத் திட்டறேள்?” காபியோடு வந்தாள் மனைவி விஜயலக்ஷ்மி.

“இதை எழுதின தற்குறியை. புதுசுக்கு வேண்டிய மாட்யூல் ஃபைல் இருக்கான்னு பார்க்காமலே பழசை அழிச்சுட்டான்.”

“போனை வயர்ல சொருகினா நெட் வருமாமே?”

சொருகினார். அதற்கான மாட்யூலும் இல்லை. இடத்தை அடைக்கிறது என்று நேற்று ஒரு மாட்யூல் மூட்டையையே அழித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மனைவியிடம் சொல்லவில்லை.

பென்டிரைவில் வேறொரு கர்னல் பதிப்பின் மாட்யூல்கள் கிடந்தன. ‘பொருந்தாது’ என்றது இன்ஸ்டாலர்.

“எனக்கே பாடம் எடுக்கறியா?” வலுக்கட்டாயமாக ஏற்றி ரீஸ்டார்ட் செய்தார். மவுஸ் நின்றது. இன்னொரு ரீஸ்டார்ட். திரையே கறுத்தது.

“மணி பதினொண்ணு. என் போன்ல சேர்ந்துக்கோங்கோ.”

“கழுதைன்னு எழுதினது நான்டி!”

“ஒரு மணி நேரம் கழுதையா இருந்தா என்ன? பதவி நிக்குமோன்னோ?”

பதினொன்று இருபதுக்குக் கழுதையாகச் சம்மதித்தார். ‘மீட்டிங் முடிந்தது’ என்றது போன்.

பெல் அடித்தது. வாட்ச்மேன் வெயிலுமுத்து கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

“சார், ஆபீஸ் சாவியக் குடுங்க. புது செக்ரட்டரி கேக்காவ.”

“யாருடா அது?”

“மாதவ் சார்தான்.”

“அதெப்படி? இந்தக் கூட்டம் எல்லாம் ஆன்லைன்ல சேரவே அரை மணி ஆகுமே! ம்யூட் எடுக்கத் தெரியாத ஜென்மங்கள்!”

“ஆன்லைனா? எல்லாரும் மாதவ் சார் வீட்டு ஹால்லதான் வடாபாவ் தின்னுட்டு இருக்காவ” என்றான் வெயிலுமுத்து. “ஒங்க லேப்டாப்புல என்னைக்கும் வைஃபை ஓடாதுன்னு தெரிஞ்சுதான சார், மீட்டிங்கயே ஆன்லைன்ல வச்சாவ!”