யாரும் யாரோடும் பேசவில்லை

முன் அறைக்காரர் சொன்னதை அப்படியே கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோய்ப் பின் அறையில் கொட்டுவதா, கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவிக் கொடுப்பதா என்று தெரியாமல், நடைவழி நடுவில் தேநீர்த் தட்டோடு நின்றார் பங்களாக்காரர்.

"முதல்ல துப்பாக்கியைக் கீழ போடச் சொல்லு. மத்ததெல்லாம் அப்புறம்."

இதுதான் சேதி. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று.

அந்த அரசு விருந்தினர் பங்களாவுக்கு இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் பொறுப்பு. விரிப்பு மாற்றுவார், குழாயை இறுக்குவார், வருகிற அதிகாரிகளின் குறட்டையைக் கேட்டும் கேட்காததுபோல் இருப்பார். ஆனால் தூது போனது கிடையாது.

விஷயம் இதுதான். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் மலைமேல் தடுப்பூசி போடப் போன பதினொரு பேரை, அங்கே துப்பாக்கியோடு திரிகிற கூட்டம் பிடித்து வைத்துக்கொண்டது. அந்தக் கூட்டத்து ஆட்கள் நாற்பது பேர் ஏற்கெனவே சர்க்கார் ஜெயிலில் இருந்தார்கள். இன்று மாலை ஆறு மணிக்குள் விடாவிட்டால் ராணுவம் ஏறும் என்று அரசு கெடு வைத்துவிட்டது. ஏறினால், பதினொரு பேரில் எத்தனை பேர் முழுசாக இறங்குவார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி பங்களாக்காரரின் மகள், நர்ஸ். இதைப் பற்றி அவர் ஆபீசில் மூச்சு விடவில்லை. தெரிந்தால், பாவம் நீ வீட்டில் இரு என்று அனுப்பிவிடுவார்களே.

ஆயுதம் தூக்கியவனோடு பேசுவதில்லை என்பது அரசின் கொள்கை. இந்த அரசோடு பேசுவதில்லை என்பது மலைக்காரர்களின் கொள்கை. ஆகவே இன்று பங்களாவில் நடப்பது பேச்சுவார்த்தை இல்லை. ஓர் ஆபீசிலிருந்து போன் வந்தது: நம்ம ஆள் ஒன்பது மணிக்கு வருவார், மலைக்காரர்கள் பக்கமிருந்து ஓர் ஆள் பின்னாடியே வருவார், பேர் கேட்காதே, முகம் பார்க்காதே, எதையும் எழுதாதே, வாய்ச்சொல்லாகக் கொண்டுபோ. அரைமணி கழித்து இன்னோர் ஆபீசிலிருந்து இன்னொரு போன்: பத்து மணிக்கு ஒருத்தர் வருவார், பேர் கேட்காதே, முகம் பார்க்காதே. ஒன்பதுக்கு வந்தவரை முன் அறையில் வைத்தார். பத்துக்கு வந்தவரைப் பின் அறையில் வைத்தார்.

பின் அறைக்காரரின் செருப்பை ஓரக்கண்ணால் பார்த்தார். கண்ணாடி மாதிரி பளபளத்தது. காட்டில் திரிகிற ஆளுக்கு இத்தனை பாலிஷா என்றால், எத்தனை பெரிய வேஷக்காரனாக இருப்பான்.

விளாவியே சொல்வோம் என்று முடிவு செய்தார்.

"ஐயா, துப்பாக்கியெல்லாம் கொஞ்சம் ஓரமா வெச்சா நல்லா இருக்கும்னு பிரியப்படறாங்க."

பின் அறைக்காரர் குனிந்த தலையை நிமிர்த்தாமல் சிரித்தார். "பிரியப்படறாங்களா? அப்ப பயந்துட்டாங்க. அவங்க முதல்ல போடட்டும்னு சொல்லு. மலையை விட்டும் இறங்கட்டும்."

ஒன்று கேட்டுப் போனவருக்கு இரண்டாகத் திரும்பி வந்தது. அதையும் விளாவினார். மலையைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்கலாமே என்று ஏங்குகிறார்கள் என்றார். முன் அறைக்காரர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"ஏங்கறானா? ஆள் இளகிட்டான். மலையை விட்டு அவன்தான் இறங்கணும். பிடிச்சு வெச்ச ஆளுங்களையும் விடணும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் நான் எழுந்து போயிடுவேன்."

அடிக்கிற கையை அணைக்கப் போனால் இரண்டு அடி கூட விழும் என்பது சரியாகத்தான் இருந்தது. சர்க்கரை போட்டால் ஏறுகிறார்கள், சரி, மிளகாய் போட்டுப் பார்ப்போம் என்று அடுத்த நடையில் குரலைத் தடிக்க வைத்துக்கொண்டு பின் அறைக்குப் போனார். ஆளை விடு, மலையை விடு, இல்லையென்றால் உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார்களாம் என்று ஒரு சொல் கூடவே சேர்த்துச் சொன்னார். பின் அறைக்காரர் எழுந்தார். பெட்டியை எடுத்தார். அதற்குள் பொருள்களை அடுக்க ஆரம்பித்தார்.

பங்களாக்காரர் கதவை மறித்துக்கொண்டு நின்றார். உங்கள் காரின் டிரைவர் சாப்பிடப் போயிருக்கிறார், வர இரண்டு மணி நேரம் ஆகும் என்று வாயில் வந்த பொய்யைச் சொன்னார். பிறகு ஓடிப்போய் டிரைவரை நிஜமாகவே சாப்பிட அனுப்பினார்.

மூன்று மணிக்கு மனைவி போன் செய்தாள். டிவியில் ராணுவ லாரிகளைக் காட்டுகிறார்களாம்.

"நீங்கதானே போன வருஷம் சொன்னீங்க, இவனுங்களோட என்ன பேச்சு, சுட்டுத் தள்ளணும்னு. கைதட்டினீங்களே. இப்ப சொல்லுங்க பாப்போம்."

"போன வருஷம் நம்ம பொண்ணு கீழ இருந்தா."

"யார் வீட்டுப் பொண்ணோ அப்பவும் மேல இருந்திருப்பா" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். அவர் அடுப்பைப் பற்றவைத்தார். தேநீர் போட்டார்.

முன் அறைக்காரரிடம் கோப்பையை நீட்டும்போது, கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டார். அவனோடு பேசினால்தான் என்னங்க தப்பு?

"இன்னைக்குப் பதினொண்ணுக்காகப் பேசினா, நாளைக்கு நூறு பேரைப் பிடிப்பான்யா. துப்பாக்கி தூக்கினா மரியாதைன்னு ஊருக்கே பாடம் நடத்தின மாதிரி ஆயிடும்."

நியாயமாகத்தான் பட்டது. அதுதான் வயிற்றெரிச்சல்.

"சரிங்க. பேசாம இருந்தோமே இத்தனை வருஷம், அப்ப பிடிக்காம இருந்தானா?"

முன் அறைக்காரர் கோப்பைக்குள் பார்த்தார். தேநீரில் சர்க்கரை கம்மி என்றார்.

மணி ஐந்து. தூரத்தில் எங்கோ கனமான வண்டிகள் போகிற சத்தம் ஜன்னல் கண்ணாடியில் அதிர்ந்தது. இனிமேல் விளாவுவதும் இல்லை, கொதிக்கவைப்பதும் இல்லை. இரண்டு பேரும் சொல்லாததைத் தானே சொல்லிவிடுவது என்று துணிந்தார். மாட்டிக்கொண்டால் வேலை போகும், ஜெயிலும் கிடைக்கும். போகட்டும்.

பின் அறைக்குள் போய், நின்ற நிலையில், மூச்சு விடாமல் சொன்னார். "ஐயா, கடைசி வார்த்தை சொல்லிட்டாங்க. துப்பாக்கி, மலை எல்லாம் அப்புறமாம். நீங்க பதினொரு பேரை விட்டாப் போதுமாம். மத்தபடி அவங்களால உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராதாம்."

பின் அறைக்காரர் முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். "பதினொண்ணு மட்டுமா? நாப்பது கேப்பாங்கன்னுல்ல நெனச்சேன்." கொஞ்சம் யோசித்தார். "ஓகோ. ஒண்ணுக்கு ஒண்ணா. நியாயம்தான். விட்டுடலாம்னு சொல்லு."

ஒன்றுக்கு ஒன்று என்றால் என்ன என்று பங்களாக்காரருக்குப் புரியவில்லை. புரிந்து என்ன ஆகப்போகிறது? சாமி வரம் கொடுக்கும்போது கணக்கா கேட்பார்கள். முன் அறைக்கு ஓடினார். ராணுவம் ஏறாவிட்டால் பதினொரு பேரையும் விடுகிறார்களாம் என்றார். முன் அறைக்காரர் போனை எடுத்து வெளியே போய்ப் பேசினார். வந்தார். ஏற மாட்டார்கள் என்றார்.

வாய்ச்சொல்லில் முடிந்த காரியம், கைகொடுத்தாவது உறுதி செய்யவேண்டும் என்று இரண்டு பேருமே கேட்டார்கள். ஆனால் பார்த்துக்கொள்ளக் கூடாது. பார்த்தால் நாளைக்கு, பார்க்கவே இல்லை என்று சத்தியம் பண்ண முடியாது. அதற்கும் பங்களாக்காரர் ஒரு வழி வைத்திருந்தார். சமையலறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவில் தட்டு நீட்டுகிற சின்ன ஜன்னல் ஒன்று உண்டு. இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர், நடுவில் திரைத்துணி. துணிக்கு அடியில் இரண்டு கைகள் தேடித் துழாவிப் பிடித்துக்கொண்டன.

"துப்பாக்கி பிடிச்ச கை மாதிரியே இல்லையே, பூ மாதிரி இருக்கு" என்று முன் அறைக்காரர் காதோடு சொன்னார். அந்தப் பக்கம் போனபோது பின் அறைக்காரரும், அவர் கையும் ரொம்ப மெத்தென்று இருந்ததாக அதிசயப்பட்டார்.

ஐந்து ஐம்பதுக்கு ஒரு காரும், ஐந்து ஐம்பத்தைந்துக்கு இன்னொரு காரும் கிளம்பின. வண்டிச் சத்தம் அடங்கியது. ஆறடித்தது. மலைப்பக்கமிருந்து ஒரு வெடிச்சத்தமும் இல்லை. பங்களாக்காரர் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்து, தேநீர்த் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். பத்து நிமிஷம். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு விளக்கைப் போட எழுந்தார்.

வாசலில் கேட் காவலாளி நின்றான். இன்றைக்குத்தான் புதிதாக வந்த ஆள். கார்கள் போகிறவரை கேட்டை விட்டு நகரக் கூடாது, உள்ளே ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று அவனுக்கு உத்தரவாம். நகராமல் நின்றதில் கால் இரண்டும் வீங்கியிருந்தது.

"அண்ணே, கார்ல வந்த ரெண்டு பேரும் சர்க்கார் அட்டை காட்டினாங்க, உடனே விட்டுட்டேன், அட்டை இல்லாம மலையிலேருந்து நடந்து வந்த ரெண்டு பேரைத்தான் காலையிலேருந்து கேட்டுக்கு வெளிய மரத்தடியில உக்கார வெச்சிருக்கேன், கூட ஒரு நர்ஸ் பொண்ணு, உங்களை அப்பாங்குது, உள்ள விடலாமா?"